கிலிம், கப்பே, கோர்ஜின், ஷிராஸ்: ஈரான் மேய்ச்சல் ஜனங்க நெய்ற துணிக்கு ஏன் இத்தனை பேரு?

ஆன்லைன்ல "பெர்ஷியன் ட்ரைபல்"னு தேடிப் பாத்தீங்கன்னா கிலிம், கப்பே, கஷ்காய், சுமாக், கோர்ஜின், ஷிராஸ்னு வரிசையா பேரு வரும். எல்லாம் ஒரே வரிசையில வர்றதால ஒரே மாதிரி பேருங்கன்னுதான் தோணும், ஆனா இதுல ஒண்ணு நெசவு முறையோட பேரு, ஒண்ணு பொருளோட பேரு, ஒண்ணு ஜனங்களோட பேரு, ஒண்ணு வித்த ஊரோட பேரு. இட்லி, அரிசி, ஆவி, மதுரை நாலையும் ஒரே மெனுவுல போட்டு எது வேணும்னு கேட்ட மாதிரி. இதுக்கு நடுவுல ஈரான் கம்பளத்துக்கு அமெரிக்கா தடை, தடை நீக்கம், திரும்பத் தடைன்னு செய்தி வேற வந்துக்கிட்டே இருக்கு. அதனால அடியில இருந்து ஆரம்பிச்சு, யாரு நெய்றாங்க, எதுல நெய்றாங்க, எதுக்கு நெய்றாங்க, அப்புறம் அது எப்படி நம்ம ஸ்க்ரீன் வரைக்கும் வந்துச்சுன்னு பாப்போம்.

யாரு இவங்க

நாடோடின்ன உடனே கால் போன போக்குல திரியுறவங்கன்னு நினைச்சுக்காதீங்க. இவங்க ஆடு வளக்குறவங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை வாடிக்கையான பாதையில வாடிக்கையான மேய்ச்சலுக்குப் போறவங்க. குளிர்காலத்துக்குத் தாழ்வான சூடான பகுதி, அதுக்கு கர்ம்சீர்னு பேரு. கோடைக்கு மலை, அது சர்த்சீர். நம்ம ராமநாதபுரம் பக்கத்து கீதாரிங்க கிடை போட்டுக்கிட்டே ஊர் ஊரா போறாங்கள்ல, அதையே இன்னும் பெருசா நினைச்சுக்கங்க: குடும்பம், வெள்ளாட்டு மயிர்ல நெய்த கறுப்புக் கூடாரம், சட்டி பானை, படுக்கை, தறி எல்லாம் மிருகங்க முதுகுல ஏறி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

1. கஷ்காய்: தெற்குல ஃபார்ஸ் மாகாணம், ஷிராஸ் நகரத்தைச் சுத்தி. பேசுறது துருக்கிய மொழி.
2. கம்சே: அதே ஃபார்ஸ். கம்சேன்னா அரபியில அஞ்சு. கஷ்காய் கை ஓங்கிடக் கூடாதுன்னு 1860கள் தொடக்கத்துல அப்போ ஈரானை ஆண்ட கஜார் அரசு அஞ்சு குழுவை ஒட்டவச்சு உண்டாக்கின கூட்டணி. இதுக்குள்ள அரபி பேசுறவங்க, துருக்கிய மொழி பேசுறவங்க, பாரசீகம் பேசுறவங்க மூணு பேரும் இருக்காங்க.
3. பக்தியாரி, லூர்: மேற்குல சாக்ரோஸ் மலைத்தொடர். லூரி பேசுறாங்க, அது பாரசீகத்துக்கு நெருங்கின சொந்தம்.
4. ஷாசெவன்: வடமேற்கு. குளிருக்கு முகான் சமவெளி, கோடைக்கு சபலான் மலை. இவங்களும் துருக்கிய மொழிதான்.
5. இதுபோக கெர்மான் பக்கம் அஃப்ஷார், கிழக்குல பலூச், கொராசான்ல குர்து ஜனங்க, வடகிழக்குல துருக்மேன்.

கவனிச்சீங்களா, "பெர்ஷியன்"னு நாம சொல்ற துணிகள்ல பலதை நெய்தவங்க வீட்டுல பாரசீகமே பேசாதவங்க. அந்தச் சொல்லு இங்க நாட்டைக் குறிக்குது, ஜனத்தை இல்ல.

நாலு விதமான பேரு

1. முறையோட பேரு: கிலிம், சுமாக், ஜாஜிம். எப்படி நெய்ததுன்னு சொல்லும்.
2. பொருளோட பேரு: கோர்ஜின், மஃப்ரஷ், நமக்தான், சொஃப்ரே. எதுக்கு நெய்ததுன்னு சொல்லும்.
3. ஜனங்களோட பேரு: கஷ்காய், ஷாசெவன், பக்தியாரி.
4. சந்தையோட பேரு: ஷிராஸ், புகாரா. இதுதான் ஆளை ஏமாத்துற ரகம். துருக்மேன் பெண்கள் கூடாரத்துல நெய்த சிவப்பு விரிப்புங்க இன்னிக்கு உஸ்பெகிஸ்தான்ல இருக்குற புகாரா ஊர்ச் சந்தை வழியா வெளிய போனதால, உலகம் முழுக்க அதுக்கு "புகாரா"ன்னே பேரு விழுந்துருச்சு. ஃபார்ஸ்ல யாரு எங்க நெய்தாலும் ஷிராஸ் பஜாருக்கு வந்தா அது "ஷிராஸ்".

ஆக "சுமாக் முறையில நெய்த ஷாசெவன் மஃப்ரஷ்"னு மூணையும் சேத்துச் சொன்னாத்தான் அது முழுப் பேரு. வெறும் "கிலிம்"னு சொன்னா, மேல பைல், அதாவது நிக்கிற ரோமம், இல்லாத ஒரு தட்டையான நெசவுங்குறதைத் தவிர ஒண்ணுமே தெரியாது.

பேரு எவ்ளோ தூரம் கோணலா போகும்ங்குறதுக்கு ஒரு உதாரணம். கம்பள முடிச்சுல ரெண்டு வகை உண்டு. பாவுன்னா தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டுற நூல், அது ரெண்டையும் சுத்திப் பிடிக்கிறது துருக்கிய முடிச்சு. ஒண்ணை முழுசா சுத்தி இன்னொண்ணுக்கு அடியில சும்மா நுழைஞ்சு வர்றது பாரசீக முடிச்சு, இதுக்கு சென்னே முடிச்சுன்னும் ஒரு பேரு. சென்னேங்குறது குர்து ஜனங்க வாழுற சனந்தஜ் ஊரோட பழைய பேரு. அந்த ஊர் நெசவாளிங்க வழக்கமா போடுறது எந்த முடிச்சு தெரியுமா, துருக்கிய முடிச்சு!

தறி தரையில படுத்திருக்கு

ஊர்ப்பக்கக் கம்பளப் பட்டறைகள்ல தறி செங்குத்தா நிக்கும், அதை நகத்தவே வேண்டாம். இங்க அப்படி முடியாது. ரெண்டு குறுக்குக் கட்டை, நாலு முளைக்குச்சி, அவ்ளோதான் தறி. தரையில முளை அடிச்சு கட்டையை இழுத்துக் கட்டி, நடுவுல பாவு நூலை ஓட்டி, மேல ஒரு முக்காலில நூல் பிரிக்கிற கழியைத் தொங்கவிட்டு, நெய்ற அம்மா நெய்த பாகத்து மேலயே உக்காந்து முன்னேறிக்கிட்டே போவாங்க. கிளம்புற நாள் வந்துட்டா முளையைப் பிடுங்கி, பாதி நெய்த துணியோட சேத்துச் சுருட்டி ஒட்டகத்து மேலயோ கழுதை மேலயோ போட்டுட வேண்டியதுதான், அடுத்த எடத்துல திரும்ப விரிச்சு முளை அடிக்கணும்.

இதுல இருந்து சில விஷயம் தானா வந்துடும்:

1. திரும்பக் கட்டும்போது பாவோட இழுவிசை முன்ன இருந்த மாதிரியே இருக்காது. அதனால ஓரம் கொஞ்சம் வளையும், ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். ஷோரூம்காரர் இதைக் "குறை"ன்னு விலை குறைப்பாரு, அடுத்த கடைக்காரர் "ஒரிஜினலுக்கு இதான் அடையாளம்"னு விலை ஏத்துவாரு. ரெண்டும் வியாபாரம், காரணம் இடம் மாறுனதுதான்.
2. பெரிய அகலம் கஷ்டம். அதனால குறுகலா நீளமா நெய்து, ரெண்டு மூணு பட்டையை ஒண்ணோட ஒண்ணு தைக்கிற பழக்கம் நிறைய.
3. பாவு நூல் செம்மறி ஆட்டு ரோமம், சில சமயம் வெள்ளாட்டு மயிர். நகரப் பட்டறையில பாவு பருத்தி, அதைக் காசு கொடுத்து வாங்கணும், ரோமம் சொந்த ஆட்டுல இருந்தே வருது.

ஃபார்ஸ் மாகாணத்துக் கம்பள நெசவை யுனெஸ்கோ 2010ல மரபுச் செல்வப் பட்டியல்ல சேத்துச்சு. அங்க வேலைப் பங்கீடு இப்படி: ஆம்பளைங்க ரோமம் கத்தரிக்கிறதும் தறிக்கட்டை செஞ்சு தர்றதும். பெண்கள் நூல் நூக்குறது, சாயம் போடுறது, நெய்றது. வரைபடம் கிடையாது, மனசுல இருக்கிறதுதான், இல்லன்னா பழைய துணி ஒண்ணைப் பக்கத்துல போட்டுப் பாத்துக்கிறது.

நெசவு முறைங்க

பவானி ஜமுக்காளம் பாத்திருப்பீங்க. குறுக்க ஓடுற ஊடை நூலை நெருக்கி அடிச்சு பாவு நூலே வெளிய தெரியாம மூடிடும். கிலிமும் அடிப்படையில அதே குடும்பம், ஆனா இதுல ஒரு நிறத்து ஊடை துணியோட முழு அகலத்துக்கும் ஓடாது, தன்னோட கட்டம் முடிஞ்ச எடத்துலயே திரும்பிடும். பக்கத்து நிறமும் அதே எடத்துல திரும்பினா ரெண்டுக்கும் நடுவுல ஒரு கீறல் விழுந்துடும். நேர்க்கோடா நெய்துக்கிட்டே போனா கீறல் நீளமாகி துணி பிஞ்சுடும்னுதான் ஒவ்வொரு வரிக்கும் ஒண்ணு ரெண்டு நூல் தள்ளித் தள்ளித் திருப்புறாங்க, படிக்கட்டு மாதிரி சாய்கோடு வருது. கிலிம்ல ஏன் முக்கோணமும் டைமண்டும் கொக்கியுமா இருக்குன்னு கேட்டா, ரசனைக்கு முன்னாடி இந்தக் கீறல் கணக்கு இருக்கு.

சுமாக்ல வண்ண நூல் பாவைச் சுத்திச் சுத்திப் போகும், நாலு நூல் முன்னால போய் ரெண்டு நூல் பின்னால வந்து திரும்ப நாலுன்னு. கீறலே விழாது, கனமா இருக்கும், பூத்தையல் போட்ட மாதிரி தெரியும், பின்பக்கம் திருப்பினா நூல் முனைங்க தொங்கும். ஷாசெவன் பெண்கள் இதுல கெட்டி. ஜாஜிம் இதுக்கெல்லாம் தலைகீழ், அதுல பாவு நூல்தான் வெளிய தெரியும், ஊடை ஒளிஞ்சுக்கும், அதனால நீளவாக்குல கோடு கோடா வரும். அப்புறம் முடிச்சு போட்டு ரோமத்தை நிக்க விடுற பைல் நெசவு, பொதுவா நாம கம்பளம்னு சொல்றது.

பைங்களைப் பாத்தாத்தான் விஷயம் புரியும்

கூடாரத்துல பீரோ கிடையாது, கட்டில் கிடையாது, அலமாரி கிடையாது. எல்லாமே பை. அதனால நெசவு முறையைத் தேர்ந்தெடுக்கிறது அழகைப் பாத்து இல்ல, எங்க உரசும், எது வெளிய தெரியும், எவ்ளோ கனம் தாங்கணும்ங்குற கணக்கைப் பாத்து.

கோர்ஜின்னா இரட்டைப் பை, மிருகத்து முதுகுல குறுக்கா போட்டா ரெண்டு பக்கமும் தொங்கும். வாய் மூடுறதுக்கு ஜிப்பும் இல்ல பட்டனும் இல்ல. ஒரு ஓரத்துல வரிசையா கயித்து வளையம், எதிர் ஓரத்துல வரிசையா ஓட்டை. முதல் வளையத்தை ஓட்டை வழியா இழுத்து, அதுக்குள்ள ரெண்டாவது வளையத்தை விட்டு, அதுக்குள்ள மூணாவதுன்னு சங்கிலியா போய் கடைசி வளையத்துல ஒரு பூட்டைப் போட்டுட்டா முடிஞ்சுது. பக்தியாரி கோர்ஜின்ல இன்னொண்ணு கவனிக்கலாம்: முன்பக்கம் சுமாக்கா இருக்கும், ஆனா அடிப்பக்கமும் மூலைகளும் மட்டும் பைல் போட்டிருப்பாங்க. தரையிலயும் பாறையிலயும் உரசுறது அந்த எடம்தான், பைல் இருந்தா அது தேஞ்சு முடியுறவரைக்கும் அடித்துணி பத்திரம். ஒரே பையில இப்படி வேற வேற நெசவு இருக்குறதைப் பாத்து "என்ன ஒரு கலை நயம்"னு எழுதுறவங்க உண்டு. கலை நயமும்தான், ஆனா செருப்புக்கு லாடம் அடிக்கிறதுல இருக்குற புத்தியும் அதுல இருக்கு.

மஃப்ரஷ் படுக்கைப் பெட்டி, ஆனா துணிப் பெட்டி. சுமார் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். மெத்தை, போர்வை, துணிமணி எல்லாம் உள்ள போகும், ஒட்டகத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அதனால ஜோடி ஜோடியாத்தான் நெய்வாங்க. நாலு பக்கச் சுவரும் சுமாக்கோ நல்ல கிலிமோ, ஏன்னா ராத்திரி கூடாரத்துக்குள்ள வரிசையா அடுக்கினா வீட்டுச் சுவரே அதுதான், சாயுற திண்டும் அதுதான். அடிப்பாகம் மட்டும் சாதாரணக் கோடு போட்ட துணி, யாரும் பாக்கப் போறதில்லையே. ஷாசெவன் வேலைப்பாட்டுல வெள்ளை எடங்களுக்கு அடிக்கடி பருத்தி நூல் போட்டிருப்பாங்க, ரோமம் வருஷம் போகப் போக மஞ்சளாகும், பருத்தி பளிச்சுன்னு நிக்கும்.

நமக்தான் உப்புப் பை, ஹிந்தி நமக் தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேண்டாம். அகலமான உடம்பு, குறுகின கழுத்து. கை நுழையும், ஆட்டோட தலை நுழையாது. உப்புன்னா ஆடு எப்படிப் பாயும்னு ஆடு வளத்தவங்களுக்குத் தெரியும்.

சொஃப்ரே சாப்பாடும் ரொட்டியும் வைக்க விரிக்கிற துணி, தமிழ் முஸ்லிம் வீடுகள்ல சாப்பாட்டுக்கு விரிக்கிற சுப்ராவும் இதே சொல்லுதான். பலூச் சொஃப்ரேல நடுப்பாகத்தை நிறையத் தடவை சாயம் போடாத ஒட்டக மயிர் நிறத்துலயே விட்டுடுவாங்க, வேலைப்பாடு ஓரத்துல மட்டும். சாந்தேன்னா சின்னக் கைப்பை, சொந்தச் சாமான் போட்டுக்க.

இதுக்கெல்லாம் நடுவுல நிஜமாவே அலங்காரத்துக்குன்னே நெய்ததும் உண்டு. துருக்மேன்கள்ல யோமுத் ஜனங்க கல்யாண ஊர்வலத்துக்கு நெய்ற அஸ்மாலிக் அப்படி ஒண்ணு. அஞ்சு மூலை வச்ச துணி, பொண்ணு ஏறிப் போற ஒட்டகத்தோட ரெண்டு விலாவுலயும் தொங்கவிட ஜோடியா நெய்றது. அதுக்கு வேற வேலையே கிடையாது.

சாயம்: எங்க சிக்கல் ஆரம்பிச்சுது

சிவப்புக்கு ரூனாஸ்ங்குற செடியோட வேர். அதுல இருக்குற அலிசரின்தான் நம்ம சோழமண்டலக் கரைத் துணிகளுக்குப் போட்ட சாயவேர்லயும் இருக்கு, செடி வேற, வேதிப்பொருள் ஒண்ணு. நீலத்துக்கு அவுரி. இது பெரும்பாலும் இந்தியாவுல இருந்து போன சரக்கு, பாரசீகத்துல அதுக்குப் பேரே நீல்தான். மஞ்சளுக்குக் காட்டுச் செடிகளும் மாதுளம் தோலும், பழுப்புக்கு வால்நட் மேல்தோல், பச்சை வேணும்னா மஞ்சளையும் நீலத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு முக்கணும். சாயம் பிடிக்கப் படிகாரம். கறுப்புக்கு இரும்புச் சத்து சேப்பாங்க, அது நாளாக ஆக ரோமத்தையே அரிச்சிடும், அதனாலதான் பழைய துணிகள்ல கறுப்பு எடம் மட்டும் பள்ளமா இருக்கும்.

ஒரு தடவை முக்குன நூல் தீந்து அடுத்த தடவை முக்கும்போது நிறம் கொஞ்சம் மாறும். சிவப்புத் தரையில பாதிக்கு மேல வேற சிவப்பா பட்டை விழும். இதுக்கு அப்ராஷ்னு பேரு. இன்னிக்கு மெஷின்ல பண்றவங்க இதையும் டிசைன் பண்ணிப் போடுறாங்கங்குறது தனிக் காமெடி.

1856ல பெர்கின்ங்குற ஆங்கிலேய வேதியியலாளர் நிலக்கரித் தார்ல இருந்து ஊதாச் சாயம் எடுத்ததுக்கு அப்புறம் அனிலின்ங்குற செயற்கைச் சாயங்க உலகம் பூரா பரவி ஈரான் பஜாருக்கும் வந்துச்சு. வேர் தோண்டி காயவச்சு இடிச்சு ஊறவச்சுப் பண்ற வேலை எல்லாம் ஒரு பொட்டலத்துல முடிஞ்சுடுது, யாரு வேண்டாம்பா? ஆனா அந்தக் காலத்து அனிலின் வெயிலுக்கு வெளுத்துச்சு, தண்ணி பட்டா ஓடுச்சு. கஜார் அரசு தடை போட்டுப் பாத்துச்சு, அப்புறம் ஏற்றுமதிக்குக் கூடுதல் வரி போட்டுப் பாத்துச்சு, முழுசா நிறுத்த முடியல.

உருவத்துக்கு அர்த்தம் இருக்கா

கடைக்காரங்க சொல்ற "இந்தக் கொக்கி கண்ணேறு கழிக்கும், இந்த நட்சத்திரம் நீண்ட ஆயுள்" கதைகளை அப்படியே வாங்கிக்காதீங்க. நெய்றவங்க வைக்கிற பேரு பெரும்பாலும் சீப்பு, பறவை, கொக்கின்னு சாதாரணமா இருக்கும். நம்ம பட்டுப்புடவை மாங்காய்க்கு அங்க பேரு பூத்தே, புதர்னு அர்த்தம். சிங்கம் மட்டும் கொஞ்சம் கனமான விஷயம், பக்தியாரி ஜனங்க வீரர்களோட கல்லறை மேல கல் சிங்கமே வச்சிருக்காங்க, கப்பேன்னு சொல்ற மெத்து மெத்துன்னு இருக்குற விரிப்புலயும் சிங்கம் நிறைய வரும். அதே சமயம் இவங்க வெளியுலகமே பாக்காத ஜனங்கன்னும் நினைக்க வேணாம். நூத்துக்கணக்கான பூ பூத்த மாதிரி கஷ்காய் விரிப்பு ஒரு ரகம் உண்டு, அதோட மூலம் முகலாய இந்தியாவுல நெய்த கம்பளங்கள்.

இடம்பெயர்றது குறைஞ்சப்போ

1. 1828ல துருக்மான்சாய் ஒப்பந்தத்துல முகான் சமவெளியோட பெரும்பகுதி ரஷ்யாவுக்குப் போச்சு. கொஞ்ச காலம் மேய்க்க விட்டாங்க, 1880கள்ல எல்லையை மூடிட்டாங்க. ஷாசெவன் ஜனங்களுக்குக் குளிர்கால மேய்ச்சல்ல பெரும்பகுதி ஒரேயடியா போச்சு.
2. 1930கள்ல ஈரான் மன்னர் ரெசா ஷா ராணுவத்தை வச்சு எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வச்சாரு. கூடாரத்துக்குப் பதிலா கதவு வச்ச வீடுங்குற அர்த்தத்துல இதைத் தக்தே காபூன்னு சொல்லுவாங்க. மந்தை மந்தையா ஆடுங்க செத்துச்சு. 1941ல அவரு பதவி போனதும் நிறையப் பேர் திரும்ப மலைக்குக் கிளம்பிட்டாங்க.
3. 1963க்கு அப்புறம் நிலச் சீர்திருத்தம், மேய்ச்சல் நிலம் அரசுடமை. அப்புறம் ரோடு, லாரி, பள்ளிக்கூடம், ஊர் வேலை.

2008 கணக்கெடுப்புப்படி ஈரான்ல சுமார் 12 லட்சம் நாடோடி ஜனங்க இருந்தாங்க, ஆனா ஆடும் சாமானும் லாரியில போச்சுன்னா ஒட்டகத்துக்கு மஃப்ரஷ் எதுக்கு? தகரப் பெட்டி போதும். பையோட வேலை போனதும் பை பஜாருக்கு வந்துச்சு. கோர்ஜினை ரெண்டா வெட்டி ரெண்டு குஷன் கவர். மஃப்ரஷைப் பிரிச்சு, சுவர்ப் பக்கம் ஒவ்வொண்ணும் தனி விரிப்பு, அடித்துணி குப்பையில. "அலங்காரத் துணி"ங்குற பேரே இந்த வெட்டுக்கு அப்புறம்தான் இதுல பலதுக்கும் பொருந்துது.

கப்பே கதை வேற மாதிரி. ரோமம் நீளமா, முடிச்சு பெருசா, ரெண்டு முடிச்சு வரிசைக்கு நடுவுல நிறைய ஊடை ஓட்டி, மெத்தை மாதிரி நெய்றது. கூடாரத்துல படுக்க, சொந்த வீட்டுக்கு. வியாபாரிங்க ரொம்ப காலம் அதைச் சீண்டவே இல்ல, முரட்டுத் துணின்னு. 1980கள்ல ஷிராஸ் வியாபாரிங்க இயற்கைச் சாயத்தோட திரும்ப நெய்ய வச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பினப்போ, அங்க மாடர்ன் ஆர்ட் மாதிரி இருக்குன்னு பிச்சுக்கிட்டு போச்சு. அடுத்து உத்தரப்பிரதேசத்து பதோஹி பக்கமும் கப்பே நெய்ய ஆரம்பிச்சாங்க. இப்போ கப்பேங்குறது ஒரு ஸ்டைலோட பேரு, அதாவது மேல சொன்ன நாலோட அஞ்சாவது ரகம்.

அமெரிக்கத் தடை: எப்போ என்ன

1. 1987: ஈரான் சரக்கு இறக்குமதிக்கு அமெரிக்கா தடை, கம்பளமும் உள்ள.
2. 2000: கம்பளம், பிஸ்தா, கேவியார் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு.
3. 2010 செப்டம்பர்: விலக்கு ரத்து.
4. 2016 ஜனவரி: அணு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் திரும்பத் திறப்பு.
5. 2018 ஆகஸ்ட்: டிரம்ப் ஒப்பந்தத்தை விட்டு வெளிய வந்ததால திரும்ப மூடல்.

1990கள்ல ஒரு கட்டத்துல 200 கோடி டாலர் அளவுக்கு இருந்த ஈரான் கம்பள ஏற்றுமதி இப்போ 5 கோடி டாலருக்கும் கீழ. இது நகரப் பட்டறைக் கம்பளம் எல்லாம் சேத்து, கூடாரத்து நெசவு இதுல ஒரு சின்னப் பங்கு. முழுப் பழியும் தடை மேல போட முடியாது, இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போட்டி, ஏற்றுமதி டாலரை நாட்டுக்குள்ள கொண்டுவரச் சொல்லி ஈரான் அரசே போட்ட கெடுபிடி, வெறும் தரை மேல மக்களுக்கு வந்த மோகம் எல்லாமும் உண்டு. தடையால இன்னொரு பக்க விளைவு என்னன்னா, "ஈரான்"னு லேபிள் போட்டா விக்க முடியாதுங்குற எடத்துல ஊர் பேரு போய் ஸ்டைல் பேரு மட்டும் நிக்குது.

கையில எடுத்தா என்ன பாக்கணும்

1. திருப்பிப் பாருங்க. முன்னால இருக்குற டிசைன் பின்னாலயும் முடிச்சு முடிச்சா தெரிஞ்சா கைநெசவு. பின்னால துணி ஒட்டி ரப்பர் பசை இருந்தா அது துப்பாக்கி மாதிரி கருவியால குத்தினது, முடிச்சே கிடையாது.
2. குஞ்சத்தைப் பாருங்க. நிஜமானதுல குஞ்சம்ங்குறது பாவு நூலோட நுனி, துணிக்குள்ள இருந்தே வரும். தனியா தைச்சிருந்தா சந்தேகப்படுங்க.
3. ரோமத்தைப் பிரிச்சு அடியைப் பாருங்க. நுனி சாம்பலா வெளுத்து அடி பளீர்னு ஆரஞ்சோ ஊதாவோ இருந்தா, அந்தப் பழைய அனிலின்.
4. சின்ன விரிப்புன்னு விக்கிற துண்டு ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவுல இருந்து, பின்னால சுமாக் நூல் முனைங்க தொங்கி, ஓரத்துல தையல் பிரிச்ச தடம் இருந்தா, அது விரிப்பே இல்லாம ஒரு மஃப்ரஷோட சுவரா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, மீதி மூணு சுவரும் வேற வேற நாட்டுல வேற வேற வீட்டுல மாட்டியிருக்கும்.